பதின்வயதுப் பிள்ளையின் போனைக் கண்காணிக்கும் செயலிகளை எந்த அளவுக்கு நம்பலாம்?

கேள்வி: ஒரு தாய், திருப்பூர்

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு 15 வயது. பத்தாம் வகுப்புப் படிக்கிறான். நானும் என் கணவரும் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறோம். ஏற்றுமதி ஆர்டர் நெருக்கும் காலங்களில் ஓவர்டைம் முடித்து வீடு திரும்ப இரவு ஒன்பது மணியாகிவிடும். பள்ளி விட்டு வந்ததிலிருந்து அதுவரை அவன் தன் அம்மாயியின், அதாவது என் அம்மாவின், பொறுப்பில் இருக்கிறான். வீட்டுப்பாடம், தேர்வு அட்டவணை எல்லாமே பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில்தான் வருகின்றன என்பதால், அவனுக்கென்று ஓர் ஆண்ட்ராய்டு போன் வாங்கிக் கொடுத்தோம்.

சில மாதங்களாக அவன் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் உறங்குகிறான். நான் அறைக்குள் நுழைந்தால் திரையைக் கவிழ்த்து வைக்கிறான். மதிப்பெண் குறையவில்லை, பள்ளியிலிருந்து எந்தப் புகாரும் இல்லை. ஆனாலும், ஆன்லைன் விளையாட்டில் பணம் கட்டுகிறானோ, முன்பின் தெரியாத யாரேனும் அவனிடம் பேசுகிறார்களோ என்ற அச்சம் எனக்கு வேலையிடத்திலும் விடுவதில்லை.

என் கணவரின் அண்ணன் மகன் ஒரு செயலியைப் பற்றிச் சொன்னார். ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். பிள்ளையின் போனில் அது இருப்பதே வெளியே தெரியாது. வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் செய்திகள், அழைப்புகள், இருக்கும் இடம் என எல்லாம் நம் போனுக்கு வந்துவிடும் என்கிறார். கூகுளின் ஃபேமிலி லிங்க் இலவசம்தான், ஆனால் அதில் செய்திகளைப் படிக்க முடியாது என்றும் சொல்கிறார்.

அந்தச் செயலி காட்டுவதை நம்பலாமா? அதில் தவறாக எதுவும் வரவில்லை என்றால் நான் நிம்மதியாக இருக்கலாமா? அவனுக்குத் தெரியாமல் வைப்பது முறைதானா? "பெத்த பையனோட போனப் பாக்கறதுக்கு யாருகிட்டக் கேக்கோணும்?" என்கிறார் என் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதில்: போன் சர்வீஸ் கடைக்காரர், ஈரோடு

வணக்கம் அக்கா. இத்தகைய செயலிகளைப் போட்டுத் தரும்படி பெற்றோரும், போட்டிருப்பதைக் கண்டுபிடித்து எடுத்துத் தரும்படி பிள்ளைகளும் எங்கள் கடைக்கு வருவது உண்டு. எனவே நேரில் பார்த்ததை வைத்தே எழுதுகிறேன்.

"எல்லாம் வந்துவிடும்" என்பதை நம்பாதீர்கள். ஆண்ட்ராய்டில் ஒரு செயலி சேமித்து வைத்திருப்பதை இன்னொரு செயலி திறந்து படிக்க முடியாதபடி ஒவ்வொன்றும் தனித்தனி அறையில் பூட்டப்பட்டிருக்கிறது. வாட்ஸ்அப் செய்திகளோ 2016 முதல் அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் மட்டுமே புரியும்படி மறையாக்கம் செய்யப்பட்டே செல்கின்றன. ஆகவே ஒற்றுச் செயலியால் செய்ய முடிந்தது, திரையில் தோன்றுவதை ஓரத்தில் நின்று படிப்பது மட்டும்தான். அதற்காக அது நோட்டிபிகேஷனைப் படிக்கும் அனுமதியையும், பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக ஏற்படுத்தப்பட்ட ஆக்சஸிபிலிட்டி அனுமதியையும் கேட்டு வாங்கிக்கொள்கிறது.

இதன் விளைவு என்னவென்று ஒரு தந்தை கடை மேசையில் வைத்துக் காட்டிய அறிக்கையில் பார்த்தேன். "மச்சி வர்றியா", அதற்குக் கீழே "புகைப்படம்", அதற்கும் கீழே "3 புதிய செய்திகள்", பிறகு மறுபடி "புகைப்படம்". பையன் என்ன பதில் எழுதினான் என்று ஒரு வரிகூட இல்லை. எந்தப் படம் வந்தது என்பதும் இல்லை. உரையாடலைத் திறந்து வைத்துக்கொண்டே பேசினால் நோட்டிபிகேஷனே வராது என்பதால், நோட்டிபிகேஷனை மட்டும் நம்பியிருக்கும் அறிக்கையில் நீண்ட நேரம் நடந்த பேச்சுதான் அறவே இல்லாமல் போகிறது. 2023 இல் வாட்ஸ்அப் கொண்டுவந்த சாட் லாக் வசதியால் ஓர் உரையாடலைப் பூட்டிவிட்டால், நோட்டிபிகேஷனில் அதன் உள்ளடக்கமும் தெரியாது. அந்தத் தந்தை "மச்சி வர்றியா" என்ற ஒரே வரியை வைத்துக்கொண்டு, எங்கே, எதற்கு என்று இரவெல்லாம் யோசித்திருக்கிறார். பாதி தெரிவதால் வரும் கலக்கம் ஒன்றுமே தெரியாததைவிடக் கொடியது என்பது என் எண்ணம்.

அந்தப் பாதியும் தொடர்ந்து வராது. ரெட்மி, விவோ, ஓப்போ, ரியல்மி போன்ற போன்கள் பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காகப் பின்னணியில் ஓடும் செயலிகளைத் தாமாகவே நிறுத்திவிடுகின்றன. அப்படி நின்றுபோனால் உங்கள் போனில் பழைய அறிக்கையே அசையாமல் இருக்கும். பிள்ளை அமைதியாக இருக்கிறான் என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். ஆகவே, தவறாக எதுவும் வரவில்லை என்பதை நிம்மதிக்குக் காரணமாக எடுத்துக்கொள்ளவே முடியாது.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது, அதை நிறுவும் முறை. ஒளிந்து இயங்கும் ஒற்றுச் செயலிகளுக்குப் பிளே ஸ்டோரில் இடமில்லை. பெற்றோருக்கான செயலியாக இருந்தாலும், தான் இயங்குவதைப் போனை வைத்திருப்பவருக்குத் தெரியும்படி காட்டியாக வேண்டும் என்பது 2020 முதல் கூகுளின் விதி. எனவே இவர்கள் தங்கள் இணையதளத்திலிருந்து கோப்பை இறக்கி நிறுவச் சொல்வார்கள். முதல் வேலையாக, தீங்கான செயலிகளைக் கண்டறியும் கூகுளின் பாதுகாப்பு வசதியான பிளே புரொடக்டை அணைக்கச் சொல்வார்கள். ஆண்ட்ராய்டு 13 முதல் இப்படி வெளியிலிருந்து வரும் செயலிகளுக்கு ஆக்சஸிபிலிட்டி அனுமதி எளிதில் கிடைக்காது என்பதால், அந்தத் தடையையும் நீக்கும் வழியைப் படம் போட்டுச் சொல்லித் தருவார்கள். ஜன்னலுக்குக் கம்பி போடுவதற்காக வாசல் கதவைக் கழற்றி வைப்பது போன்ற காரியம் இது.

சேகரித்தவை எங்கே போகின்றன என்பதையும் கேட்க வேண்டும். டீன்சேஃப் என்ற செயலி, பிள்ளைகளின் ஆப்பிள் கணக்கு முகவரிகளையும் கடவுச்சொற்களையும் பூட்டில்லாத சர்வரில் வைத்திருந்தது 2018 இல் வெளிப்பட்டது. எம்ஸ்பை நிறுவனத்தின் தகவல்கள் 2015 இல் கசிந்தன. 2024 இல் மீண்டும் பெருமளவில் கசிந்தன. ஸ்பைஃபோன் நிறுவனத்தை இந்தத் தொழிலே செய்யக் கூடாதென்று அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 2021 இல் தடை செய்தது. உங்கள் மகனின் படங்களும் அவன் தினமும் போய்வரும் வழியும், கடல் கடந்த ஒரு முகம் தெரியாத நிறுவனத்திடம் இருக்கலாமா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஃபேமிலி லிங்க் குறைவாகத்தான் செய்யும். ஆனால் செய்வதை ஒழுங்காகச் செய்யும். எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் இருந்தான், புதிதாக எதை நிறுவ விரும்புகிறான், இரவில் எத்தனை மணிக்குப் போன் பூட்டிக்கொள்ள வேண்டும், போன் எங்கே இருக்கிறது என்பவை அதில் கிடைக்கும். இருப்பிடத்தை மட்டும் தோராயமாகக் கொள்ளுங்கள். கட்டடத்துக்குள் இருந்தாலோ சிக்னல் மெலிந்தாலோ அது ஒரு புள்ளியாக இல்லாமல் பெரிய வட்டமாகத்தான் காட்டும். அந்த வட்டத்துக்குள் டியூஷன் இருக்கும், பேக்கரியும் இருக்கும், பேருந்து நிலையமும் இருக்கும்.

பதில்: மேல்நிலைப் பள்ளி ஆசிரியை, கோபிசெட்டிபாளையம்

ஈரோட்டுத் தம்பி தொழில்நுட்பத்தைத் தெளிவாக எழுதிவிட்டார். பிள்ளைகளின் பக்கத்திலிருந்து நான் காண்பதைச் சொல்கிறேன்.

ஆபத்தான சொல் வந்தால் எச்சரிக்கை அனுப்புவோம் என்று சில செயலிகள் சொல்கின்றன. நம் பிள்ளைகள் எழுதுவதைப் பார்த்தவர்களுக்கு அதன் எல்லை புரியும். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிறார்கள். ஒரே சொல்லை ஒருவன் ஒரு விதமாகவும் அடுத்தவன் வேறு விதமாகவும், உயிரெழுத்தையே விட்டுவிட்டும் எழுதுகிறான். பாதிப் பேச்சு குரல் பதிவாகவும் மீம் படமாகவும் ஓடுகிறது. சொற்பட்டியல் வைத்துத் தேடும் கருவி இதில் எதைப் பிடிக்கும்? உயிரியல் பாடத்தின் இனப்பெருக்கப் பகுதியைத் தேடிய மாணவியின் வீட்டுக்கு எச்சரிக்கை போகலாம். உண்மையான மிரட்டல் ஓசையின்றி உள்ளே வந்துவிடலாம்.

வந்தும் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு மாணவியின் போனில் அவளுடைய பெற்றோர் வைத்த கண்காணிப்புச் செயலி இருந்தது. அறிக்கைகள் எல்லாம் இயல்பாகவே இருந்தன. அவளை மிரட்டியவன் பேசியது வாட்ஸ்அப்பிலோ இன்ஸ்டாகிராமிலோ அல்ல, ஒரு விளையாட்டின் உள்ளே இருக்கும் அரட்டைப் பெட்டியில். அந்தச் செயலி அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அவள் தன் அத்தையிடம் வாய் திறந்து சொன்ன பிறகுதான் குடும்பத்துக்கே தெரிந்தது. அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது, "அம்மா போனப் புடுங்கிக்குவாங்க டீச்சர்" என்றாள். சகோதரி, அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் இங்கே எழுத உட்கார்ந்தேன். பிள்ளை சிக்கலில் மாட்டிக்கொள்ளும் நாளில் செயலி நமக்குச் சொல்லும் என்று எண்ணி, பிள்ளையே சொல்வதற்கான வழியை நாம் அடைத்துவிடக் கூடாது. ஒளித்து வைத்த செயலியை அவன் கண்டுபிடிக்கும் நாளில் அந்த வழி அடைபடும். பதினைந்து வயதுப் பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்தும் விடுவார்கள். போன் சூடாகிறது, சார்ஜ் விரைவில் இறங்குகிறது என்ற அறிகுறியே அவர்களுக்குப் போதும்.

இது இங்கே மட்டும் உள்ள நிலையல்ல. பெற்றோர் கண்காணிப்புச் செயலிகள் 37-க்குப் பிள்ளைகளே பிளே ஸ்டோரில் எழுதிய 736 மதிப்புரைகளை அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் படித்து 2018 இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரமோ அதற்கும் குறைவாகவோதான் கொடுத்திருந்தார்கள். பிள்ளைகள் கட்டுப்பாட்டை விரும்ப மாட்டார்கள் என்பது தெரிந்ததுதான். ஆனால் அவர்கள் எழுதியதில் பெரும்பகுதி, இந்தச் செயலிகள் தங்கள் அந்தரங்கத்தில் அளவு மீறி நுழைகின்றன, பெற்றோருடனான உறவைக் கெடுக்கின்றன என்பதே.

மிரட்டல் என்று ஏதேனும் வந்தால் பணமும் கொடுக்க வேண்டாம், செய்திகளை அழிக்கவும் வேண்டாம். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணையோ, குழந்தைகளுக்கான 1098 எண்ணையோ உடனே அழையுங்கள். 18 வயதுக்குட்பட்டவர்களின் அந்தரங்கப் படம் பரவாமல் தடுக்க "டேக் இட் டவுன்" என்ற இலவசச் சேவையும் இருக்கிறது. படத்தை எவருக்கும் அனுப்பாமல், அதன் எண் அடையாளத்தை மட்டும் உங்கள் போனிலேயே உருவாக்கிப் பெரிய சமூக ஊடக நிறுவனங்களுக்குத் தருவதுதான் அதன் முறை. இந்த எண்களை உங்கள் மகனுக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.

இடையில் ஒரு கேள்வி: ஒரு தந்தை, கரூர்

என் மகளுக்கு 19 வயது. கோவையில் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறாள். போனும் என் பணத்தில் வாங்கியது, சிம் கார்டும் என் பெயரில்தான் உள்ளது. அவள் போனில் நான் இப்படி ஒன்றைப் போட்டு வைப்பதில் சட்டச் சிக்கல் ஏதும் இருக்கிறதா?

பதில்: வழக்குரைஞர், கோயம்புத்தூர்

கரூர் ஐயாவுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: போட வேண்டாம். உங்கள் மகள் சட்டப்படி வயதுவந்தவர். ஒருவரது கருவியில் அவர் அனுமதியின்றி நுழைந்து தகவல் எடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 இன் 43 மற்றும் 66 ஆம் பிரிவுகளின் கீழ் வரக்கூடியது; தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விலை கொடுத்தவர் நீங்கள் என்பதும் சிம் உங்கள் பெயரில் இருப்பதும் அவளுடைய உரையாடல்களை உங்களுடையதாக்கிவிடா. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்திருக்கிறது. அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரிய வேண்டுமானால், கூகுள் மேப்ஸில் அவளே விரும்பிப் பகிர்ந்துகொள்ளும் வசதி இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

திருப்பூர்ச் சகோதரியின் நிலை வேறு. 15 வயது மகனுக்கு நீங்கள் இயற்கைப் பாதுகாவலர். அவனுடைய நலனுக்காகப் போனில் கட்டுப்பாடு வைக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த உரிமை உங்களுக்குத்தான், செயலி விற்பவருக்கு அல்ல. 2023 இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாத எவரையும் குழந்தை என்கிறது. குழந்தையின் தரவைக் கையாள, சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. குழந்தைகளின் நடத்தையைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் நிறுவனங்களுக்குப் பொதுவாகத் தடை செய்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. எனினும், இந்தியாவில் அலுவலகமோ முகவரியோ இல்லாத ஒரு நிறுவனத்திடமிருந்து உங்கள் மகனின் தரவு கசிந்தால், சட்டம் இருந்தும் அதைப் பிடித்து இழுத்து வருவது எளிதன்று.

பிளே ஸ்டோரில் முறையாகக் கிடைக்கும் செயலிகளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 46 பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலிகளைப் பரிசோதித்த 2020 ஆம் ஆண்டு ஆய்வொன்றில், 72 விழுக்காடு செயலிகள் தங்கள் தனியுரிமைக் கொள்கையில் குறிப்பிடாமலே வெளியாருக்குத் தரவைப் பகிர்வதாகத் தெரிந்தது. அவ்வெளியாரில் விளம்பர நிறுவனங்களும் அடக்கம்.

பதில்: ஒரு தாய், நாமக்கல்

சகோதரி, எனக்கும் 16 வயதில் மகள் இருக்கிறாள். எல்லோரும் எழுதியதைப் படித்தால் கட்டுப்பாடே வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். எங்கள் வீட்டில் ஃபேமிலி லிங்க் அவளுக்குத் தெரிந்தே இருக்கிறது, உண்மையாகவே பயன்படுகிறது. இரவு பத்து மணிக்குப் போன் பூட்டிக்கொள்வதால், "போதும் வை" என்று நான் சண்டையிட வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. சார்ஜர் கூடத்தில்தான் இருக்கும். என் போன், அவள் அப்பாவின் போன், அவள் போன் மூன்றும் இரவில் அங்கேதான் கிடக்கும்.

உங்கள் அச்சங்கள் ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு வேறு என்பதைப் பிரித்துப் பாருங்கள். பணம் கட்டுகிறானோ என்ற சந்தேகத்துக்கு ஒற்றுச் செயலி வேண்டியதே இல்லை. அவன் போனில் யாருடைய வங்கிக் கணக்கில் யுபிஐ இயங்குகிறது என்று பார்த்து, அந்தக் கணக்கின் பட்டியலை எடுத்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பிளே ஸ்டோரில் வாங்கும் ஒவ்வொன்றுக்கும் உங்கள் அனுமதி தேவை என்று அமைத்துவிடலாம். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் எல்லா வயதினருக்குமே தடை செய்துவிட்டது. ஆகையால் இப்போது எவனேனும் ஆட அழைத்தால் அது திருட்டுத் தளம் என்பதை அவனுக்கு விளக்கிச் சொல்லலாம்.

தெரியாதவர்கள் பேசுவதைப் பற்றிய அச்சத்துக்கு, இன்ஸ்டாகிராமின் டீன் அக்கவுண்ட் ஓரளவு உதவும். இந்தியாவில் 2025 பிப்ரவரியில் வந்தது. கணக்கு தானாகவே பிறர் பார்க்க முடியாததாக இருக்கும். பழக்கமில்லாதவர் செய்தி அனுப்ப முடியாது. இரவு பத்து முதல் காலை ஏழு வரை நோட்டிபிகேஷன் வராது. பெற்றோரின் கணக்கை அதனுடன் இணைத்தால், கடந்த ஏழு நாளில் யாருடன் பேசினாள் என்ற பெயர்கள் தெரியும். என்ன பேசினாள் என்பது தெரியாது. எனக்கு அந்த அளவு போதுமானதாக இருக்கிறது. பெயர்களில் புதிதாக ஒன்று இருந்தால், சோறு பரிமாறும்போது "இது யாரு கண்ணு?" என்று கேட்டுவிடுவேன்; சொல்லிவிடுவாள்.

ஒரு ஓட்டை மட்டும் எல்லா வீட்டிலும் இருக்கிறது. உங்கள் அம்மாவின் கையில் இருப்பது ஸ்மார்ட்போனா? பிள்ளையின் போனில் பூட்டிய அத்தனையும் பாட்டியின் போனில் திறந்தே கிடக்கும்.

கேட்டவர் மீண்டும்: திருப்பூர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஈரோட்டுத் தம்பி எழுதியதை என் கணவருக்குப் படித்துக் காட்டினேன். "மச்சி வர்றியா" என்ற இடத்தில் அவரே நிறுத்தி, நமக்கும் அப்படித்தான் வரும் போலிருக்கிறது என்றார். ஒளித்து வைக்கும் செயலி வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். மகனிடம் சொல்லிவிட்டு ஃபேமிலி லிங்க் வைக்கப் போகிறோம். அம்மா வைத்திருப்பதும் ஸ்மார்ட்போன்தான். அதற்குப் பின் எண்கூடக் கிடையாது.

இன்னும் ஒரு சந்தேகம். அவன் போனில் ஏற்கெனவே ஒரு கூகுள் கணக்கு இருக்கிறது. அதையே இணைத்துக்கொள்ளலாமா, அல்லது புதிதாகத் தொடங்க வேண்டுமா?

பதில்: போன் சர்வீஸ் கடைக்காரர், ஈரோடு

அந்தக் கணக்கையே இணைக்கலாம் அக்கா. ஆனால் அதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். கூகுள் கணக்கின் தனிப்பட்ட விவரங்கள் பகுதியில் பிறந்த தேதி என்னவென்று இருக்கிறது? கடையில் போன் வாங்கிய அன்று அவசரத்தில் யாரோ ஒரு வருடத்தைப் போட்டுக் கணக்கைத் திறந்து கொடுத்திருப்பார்கள். அல்லது எல்லாச் செயலியும் இறங்க வேண்டும் என்று பையனே வயதைக் கூட்டிப் போட்டிருப்பான். என் மேசைக்கு வரும் பிள்ளைகளின் போன்களில் முப்பது வயதுக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். 18 வயதைக் கடந்ததாகக் காட்டும் கணக்கைக் கண்காணிப்பில் சேர்க்க முடியாது. இன்ஸ்டாகிராமிலும் இதே கதைதான். பிறந்த வருடம் பொய்யாக இருந்தால் நாமக்கல் அக்கா சொன்ன டீன் அக்கவுண்ட் பாதுகாப்பு தானாக வராது. இரண்டிலும் தேதியைத் திருத்திவிட்டுத் தொடங்குங்கள்.

13 வயதைத் தாண்டிய பிள்ளையின் கணக்கை இணைக்கும்போது, அவனுடைய கடவுச்சொல்லையும் சம்மதத்தையும் கூகுள் கேட்கும்; எதெல்லாம் உங்களுக்குத் தெரியும், எதெல்லாம் தெரியாது என்று அவனுக்கும் திரையில் காட்டும். ஆகவே நீங்கள் இருவரும் வீட்டில் இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துச் செய்யுங்கள். கடவுச்சொல்லை அவனே தட்டட்டும். அந்தத் திரையை அவசரமாகத் தள்ளிவிடாமல் மூவருமாகப் படியுங்கள். அம்மாயியின் போனுக்குப் பின் எண்ணையும் அன்றைக்கே போட்டுவிடுங்கள்.